சொல்வதை எழுதுதல்

இடது காதில் நான் வாங்கிய மதிப்பெண்ணை ஊரில் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' வைத்து, பத்துக்கு மூன்று வாங்கிய பையனிடம் "வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வா" என்று நோட்டை நீட்டிய வாத்தியார் நான். இப்போது செவித்திறன் சோதனைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் கேட்டால் "பரவாயில்லைன்னாங்க" என்கிறேன். அந்தத் தாளில் 'பரவாயில்லை' என்றொரு கட்டமே கிடையாது.

பண்ணைக்காடு என்றதும் வெளியூர்க்காரர்கள் "இளையராஜா ஊரா?" என்பார்கள். அது பண்ணைப்புரம், தேனி மாவட்டம். எங்களுடையது கொடைக்கானல் தாலுகா. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பாதையில் பாதிக்கு மேல் வந்தபிறகு கிளை பிரிந்து போக வேண்டும். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, நிழலுக்கு சில்வர் ஓக். அந்த மலைப்பாதையைத்தான் என் முதல் தப்புக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன். டம்டம் பாறை தாண்டும்போது காது அடைப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் நோயில்லை. பஸ் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுப்பது. எச்சில் விழுங்கினால் பட்டென்று திறந்துகொள்ளும். என் இடது காது திறக்கவில்லை. மலை இறங்கினாலும் திறக்கவில்லை. ஏறி இறங்கி அதற்கே அலுத்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினேன்.

மலைக்கு அடுத்த குற்றவாளி பனி. அதற்கடுத்தது செல்போன் டவர். போனை இடது காதில் வைத்தால் சத்தம் வரும், சொல் வராது. வலது காதுக்கு மாற்றினால் இரண்டும் வரும். டவர் எப்படி ஒரு காதுக்கு மட்டும் கிடைக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. உள்ளே ஓயாமல் 'ஙொய்' என்றொரு இரைச்சல் வேறு. அதைச் சில்வண்டு என்றே நம்பினேன். ஐப்பசி மழையிலும் நடுராத்திரியிலும், மதுரையில் கல்யாண மண்டபத்திலும் கத்துகிற சில்வண்டு. கடைசிக் குற்றவாளி என் மனைவி. "இவ வாய்க்குள்ளயே பேசுறா மச்சான்" என்று அவளுடைய அண்ணனிடமே புகார் வைத்தேன். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ பதில் சொன்னார். அதுவும் விளங்கவில்லை. குடும்பமே அப்படித்தான் என்று முடிவுகட்டினேன்.

நடுவில் வைத்தியமும் நடந்தது. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் விட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தேன். தொந்தரவு இருந்த இடமோ காதுக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில். பூண்டெண்ணெய் அந்த ஊர் பஸ்ஸில் ஏறவே இல்லை.

கீழே காது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு பக்கம் மட்டுமா?" என்பது. வயதானால் காது மந்தமாகும். ஆனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மந்தமாகும். ஒன்று மட்டும் தனியாகக் கழன்றுகொண்டால் ஏன் என்று படம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சோதனையில் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. 'பீப்' சத்தங்களை ஓரளவு பிடித்த காது, சொற்களை மட்டும் கோட்டை விட்டது. ஒலி வந்து சேர்ந்தும் சொல் சேரவில்லையென்றால் சந்தேகம் நரம்பின்மேல் விழும். அந்தச் சோதனையில்தான் நான் காப்பியடிக்கத் தொடங்கினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆடியாலஜிஸ்ட் பெண் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர் உதட்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். பரீட்சை ஹாலில் எத்தனையோ பையன்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பிடித்தவன் நான். அந்தப் பெண்ணும் பிடித்தார். ஒரு அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன விடைகளை இங்கே எழுத வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இடப்பக்கம் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. செவிநரம்புக் கட்டி என்றார்கள். வருடத்துக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வருவது. கேட்கும் நரம்பும் சமநிலை நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் மண்டையோட்டு எலும்புக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே குடைவு வழியாகப் போகின்றன. சமநிலை நரம்பைச் சுற்றியிருக்கும் உறையின் ஷ்வான் செல்கள் அளவு மீறிப் பெருகினால் இந்தக் கட்டி. புற்றுநோய் இல்லை, வேறெங்கும் பரவாது. பலருக்கு வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளரும், சிலருக்கு வளராமலே கிடக்கும். ஆனால் இடம் குறுகல், அக்கம்பக்கத்தை நெருக்கிவிடும். வழி மூன்று: அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கதிர்வீச்சால் வளர்ச்சியை நிறுத்தலாம், திறந்து எடுக்கலாம். சில்வண்டு என்று சொல்லிச் சொல்லி நான் அதை நன்றாக வளர்த்திருந்தபடியால், மூன்றாவதுதான் சரி என்று ஆனது. ஊரில் "காதுக்குப் பின்னால சின்னதா ஒரு பரு" என்றேன். பருவுக்கு யாராவது பகல் முழுக்க மயக்க மருந்து கொடுப்பார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார் என்கிற மரியாதை.

குஷிங் என்ற அமெரிக்க நிபுணர் 1917இலேயே இந்தக் கட்டிகளைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பெல்லாம் இந்த அறுவைக்குப் படுத்தவர்களில் பெரும்பாலோர் எழுந்திருக்கவில்லை. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் என்பவர் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, உள்காதைக் குடைந்து அதன் வழியாகவே கட்டியை அடையும் முறைக்கு உயிர் கொடுத்தார். பல் டாக்டருக்குப் படித்துவிட்டுக் காதுக்கு வந்தவர். அந்த வழியில் உயிரும் முகமும் தப்பும். ஆனால் அந்தப் பக்கம் கேட்பது போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அதே ஹவுஸ்தான் 1961இல் கேட்காத காதுக்குள் மின்கம்பியை வைத்துக் கேட்க வைக்கவும் பார்த்தார். சக டாக்டர்கள் பலர் அது நடக்காத காரியம் என்றார்கள். காதை எடுத்தவரும் கொடுக்கப் பார்த்தவரும் ஒரே ஆள். என் இடப்பக்கம் இரண்டுக்கும் அவருக்குக் கடன்பட்டது.

என் கட்டியையும் எடுத்தார்கள். முகநரம்பு கொஞ்ச நாள் சோர்ந்து கிடந்ததால் காப்பி இடது வாயோரமாக வழிந்தது. காப்பி விளைகிற ஊரில் காப்பி குடிக்கத் தெரியாதவன் ஆனேன். அதைவிடப் பெரிய கூத்து நடை. ஒரு பக்கச் சமநிலை உறுப்பு போய்விட்டால், மூளை மறுபக்கத்தையும் கண்ணையும் பாதத்தையும் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பழகும். பகலில் சமாளிக்கும். இருட்டினால் கண் கைவிடும். சரிவில் பாதமும் சேர்ந்து கைவிடும். எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் காப்பி காயப்போடும் களம் மட்டும்தான். அந்தியில் தோட்டத்துக்குள் போய்த் தள்ளாடினால் பக்கத்திலிருக்கும் சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு, அதில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியை உன்னிப்பாகப் பார்ப்பதுபோல நிற்பேன். "சாருக்கு மிளகு மேல எம்புட்டு அக்கறை" என்றார் வேலைக்கு வருகிற அம்மா. பறித்து முடித்த கொடி அது; ஒரு மணி இல்லை. சாயங்காலம் ஆனால் மரத்துக்கு மரம் தாவிப் பிடிக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பற்றி ஊர் வேறு என்னென்ன நினைத்திருக்கும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

கேட்கும் நரம்பை மட்டும் அறுபடாமல் காப்பாற்றிவிட்டதாக அறுவை செய்தவர் சொன்னார். எல்லாம் அதைப் பொறுத்துத்தான். காக்ளியர் கருவி, உள்காதின் சுருள்கூட்டுக்குள் நுழைத்த மின்முனைகளால் அந்த நரம்பைத் தூண்டுகிறது. நரம்பே இல்லையென்றால் தூண்டுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் இந்தக் கட்டி வருகிற பரம்பரை நோய் ஒன்று உண்டு, நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் இரண்டாம் வகை என்று. அதில் நரம்பை இழந்தவர்களுக்காக, மின்முனையை மூளைத்தண்டின் மேலேயே வைக்கும் முறையை 1979இல் ஹவுஸும் ஹிட்செல்பெர்கரும் தொடங்கினார்கள். நம் நாட்டில் சென்னையின் மோகன் காமேஸ்வரன் அதில் முன்னோடி. அப்படி வைத்துக்கொண்ட கட்டிக்காரர்களில் பலருக்குக் கிடைப்பது, உதட்டைப் படிக்க ஒத்தாசையாகக் கொஞ்சம் சத்தம்தான். அவர்களைப் பார்த்தால் நான் சீமான்.

சீமான் என்ன செய்தான்? தள்ளிப்போட்டான். இந்த அறுவைக்குப் பிறகு சுருள்கூட்டுக்குள் தழும்பும் எலும்பும் வளர்ந்து வழியை அடைத்துவிடக் கூடும். அதனாலேயே பல இடங்களில் கட்டியை எடுக்கும்போதே கருவியையும் வைத்துவிடுகிறார்கள். என்னிடமும் "ரொம்பத் தள்ளிப்போடாதீங்க" என்றார்கள். காப்பிப் பறிப்பு முடியட்டும் என்றேன். முடிந்ததும் மிளகு வந்தது. மிளகு முடிந்ததும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தக் கருவி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. எனக்கு அந்த வயது தாண்டிக் கொஞ்ச காலமாகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. பேச்சு உருவாகிற வயதுக்காரர்களுக்குத்தான் முதல் பந்தி. பல லட்சம் சொந்தப் பணம் என்றதும் நான் இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.

கிரீம் கிளார்க் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், 1978இல் மெல்போர்னில் தன் முதல் பல மின்முனைக் கருவியைப் பொருத்துவதற்கு முந்தின வருஷம், சுருளுக்குள் கம்பியை எப்படி முறியாமல் நுழைப்பது என்று தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு சங்கின் சுருளுக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். அடி விறைப்பாகவும் நுனி இளசாகவும் இருந்த புல் நன்றாக உள்ளே போயிற்று. கடைசியில் நான் போய்ப் படுத்தபோது, என் சங்கில் அப்படிப் போகவில்லை. பாதி வழியில் அடைப்பு. வெளியே நின்றுபோன மின்முனைகளை அணைத்து வைத்திருக்கிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் மிளகு விலையைச் சொல்லி வாதாடியிருப்பேன்.

பொருத்திச் சில வாரம் கழித்துத்தான் கருவிக்கு உயிர் கொடுப்பார்கள். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா, அதன் இரு முனைகளையும் தன் இரு காதுகளுக்குள் விட்டுப் பார்த்து, கெட்டியாக எதுவோ கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாக 1800இல் எழுதினார். மறுபடி செய்து பார்க்க அவருக்குத் துணிவில்லை. எனக்கும் அன்று கேட்டது கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற சத்தம்தான். அதற்குள்ளிருந்து என் மனைவி "கேக்குதாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல காதில் ஆயிரக்கணக்கான மயிர்ச்செல்கள் செய்கிற வேலையை, இருபது சொச்சம் மின்முனைகள், என் விஷயத்தில் அதிலும் குறைவு, செய்யப் பார்க்கின்றன. மூளை அதைப் புதுப் பாஷையாக நினைத்துப் படிக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும். வோல்டாவுக்கு வந்த புத்தி எனக்கும் வந்தது, அங்கேயே கழற்றிவிடலாம் என்று. அவர் செலவழித்தது தன் சொந்தக் கண்டுபிடிப்பை, நான் பி.எஃப். பணத்தை.

பயிற்சிக்குப் போன இடத்தில் குழந்தைகளுக்கான குட்டை நாற்காலிகள். சுவரில் யானை, ரயில், மாம்பழம். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள் வைத்திருக்கிறார்கள். டேனியல் லிங் என்பவர் ஏற்படுத்தியது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் எல்லைகளை அந்த ஆறும் அளந்துவிடும். கேட்டதும் மணியை எடுத்துக் குவளையில் போட வேண்டும். பக்கத்து நாற்காலியில், பல் முளைத்து முடியாத ஒரு சிறுவன் டக் டக்கென்று போட்டுக்கொண்டிருந்தான். ஷ், ஸ் இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, என் குவளைக்கும் ஒரு மணியைப் போட்டுவிட்டான். நான் அதை எடுக்கவில்லை. கணக்கில் சேர்ந்துவிட்டது.

வீட்டில் பேத்தி ஆசிரியை. நோட்டில் கோடு போட்டு, 'சொல்வதை எழுதுதல்' என்று தலைப்புப் போட்டுத் தருவாள். வலது காதுக்குத் தெரியாமல், போன் வழியாகக் கருவிக்கு மட்டும் பேச வழி உண்டு. பக்கத்து அறையிலிருந்து அவள் வாசிப்பாள். நான் பாடப்புத்தகத்தை மேசைக்கடியில் திறந்து வைத்துக்கொள்வேன். பத்துக்கு ஒன்பது. ஒன்றை வேண்டுமென்றே தப்பாக எழுதுவேன். பத்துக்குப் பத்து வாங்குகிறவன்மேல்தான் முதல் சந்தேகம் விழும் என்பது என் தொழில் ரகசியம். ஒருநாள் அவள் புத்தகத்தில் இல்லாததை வாசித்தாள். நானோ புத்தகத்தில் இருந்ததைப் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். "தாத்தா, நீங்க சஸ்பெண்ட்" என்றாள்.

இந்தக் கட்டி வந்த பெரியவர்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. உதட்டைப் பார்க்காமல் போனில் பேசுகிறவர்கள் உண்டு. கதவு தட்டுவது மட்டும் தெரிகிறவர்கள் உண்டு. சில வருஷத்தில் கருவியை டப்பாவுக்குள் போட்டு மூடியவர்களும் உண்டு. கட்டியை எடுக்காமல் கண்காணிப்பில் இருப்பவர்களும் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களும் பொதுவாக முன்வரிசை. வெட்டி எடுத்தவர்களுக்குத்தான் ஏறுமாறு. பார்வைக்கு முழுசாக இருக்கிற நரம்பு வேலைக்கும் முழுசாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை. அதோடு மறுகாது நன்றாக இருக்கிற ஆளுக்கு இன்னொரு வியாதி உண்டு, சோம்பேறித்தனம். ஒரு காது நன்றாக இருக்கும்போது கருவி எதற்கு என்றுதான் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2008இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் டாக்டர்கள், தாங்க முடியாத காது இரைச்சலுக்காக அப்படிப் பொருத்தியதை எழுதினார்கள். அமெரிக்காவில் ஒற்றைக் காதுக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது 2019இல்தான். இரைச்சல் எனக்கும் குறைந்தது, உண்மை. ஆனால் ஒரு கோடையில் மறுபடி 'ஙொய்' என்று ஆரம்பிக்கவே, பதறிப்போய் ஆடியாலஜிஸ்டுக்கு போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவி ஜன்னலைச் சாத்தினாள், நின்றுவிட்டது. இந்தத் தடவை அது சில்வண்டேதான்.

சோதனை அறையில் தாளில் விழுகிற மதிப்பெண் வேறு, டீக்கடையில் விழுகிற மதிப்பெண் வேறு. மெத்தை தைத்த அறையில் ஒரே குரல் நிதானமாகச் சொல்லும். டீக்கடையில் பாய்லர், ஜீப், ரேடியோ, நாலு பேர். மிளகு வியாபாரி ஒருத்தர், இடப்பக்கமாக நின்று, "மிளகு கிடக்கா சார்?" என்றார். "ரெண்டு கட்டு கிடக்கு, ஆள் வந்தா தூக்கிட்டுப் போகலாம்" என்றேன். எனக்கு விழுந்தது விறகு. உயிரெழுத்து மூன்றும் ஒன்றே, மெய்யில்தான் கோளாறு. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அது போகட்டும். அடுத்து அவர் விலை சொன்னார். கிலோ எழுநூறு என்று விழுந்தது. 'என்ன?' என்று திரும்பக் கேட்டால் மறுபடி சிரிப்பார்களே என்று கௌரவமாகச் சரி சொல்லிவிட்டேன். பணம் வந்தபோது அறுநூறு. கிலோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து, 'என்ன?' என்ற ஒரு சொல்லை மிச்சம் பிடித்தவன் பழனி மலையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

திசை இன்னொரு தொல்லை. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேருவதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இருக்காது. அந்த வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் ஒரு பக்கம் சத்தம் மங்குவதையும் வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. ஒரு பக்கம் சொந்தக் காது, மறுபக்கம் மிஷின் என்றால் கணக்கு முழுசாக ஒத்துவராது; ஓரளவுக்கு வரும். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் கேட்டால் நான் முதலில் பள்ளத்தாக்கைத்தான் பார்ப்பேன். காட்டுமாடு விஷயத்தில் இன்னும் மோசம். பனி இறங்கிய ஒரு காலையில், தோட்டத்துப் படலுக்குப் பக்கம் 'புஸ்' என்று மூச்சு விடுகிற சத்தம். இடது என்று மிஷின் சொன்னது, வலது என்று காது சொன்னது. நான் ஜனநாயகமாக இரண்டுக்கும் பொதுவாக நேரே ஓடினேன். அது நேரே நின்றுகொண்டிருந்தது. நல்லவேளை, அதற்கு என்மேல் அக்கறை இல்லை. வீட்டில் "விரட்டிட்டேன்" என்றேன்.

பாட்டு கேட்கிற ஆசையில் ஒருநாள் கொடைக்கானல் பண்பலையை, 100.5ஐ, கருவிக்கு மட்டும் திருப்பிவிட்டேன். செய்தி வாசித்தபோது பாதிக்குமேல் புரிந்தது. பாட்டு வந்ததும் தபேலா தாளம் சுத்தமாக விழுந்தது, மெட்டைக் காணோம். குறைந்த மின்முனைகளால் தாளத்தைக் காட்ட முடியும், சுருதியின் நெளிவுகளைக் காட்ட முடியாது. பேத்தியிடம், "யாரோ புதுசா ஒரு பையன் போட்ட மியூசிக் போல, ராகமே இல்ல" என்று விமர்சனம் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பாட்டு பண்ணைப்புரத்துக்காரருடையதாம்.

கருவியின் வெளிப்பகுதி காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்கிறது. தலையைவிட அதற்கு இரும்புமேல்தான் பிரியம். மங்கி குல்லாவைக் கழற்றுகிற வேகத்தில் அது பறந்து போய் பஸ் ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. வத்தலக்குண்டு வரை நான் தரையில் தவழ்ந்து தேடினேன். பக்கத்து சீட் பாட்டியம்மா, "தம்பி, கம்பில ஒரு பூச்சி ஒக்காந்துருக்கு" என்று பயந்து சொன்ன பிறகுதான் கண்டுபிடித்தேன். உள்ளே இருக்கும் காந்தத்தால் வேறொரு சிக்கல். கட்டி மறுபடி வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அதே காந்தம் படத்தில் அந்த இடத்தையே இருட்டடித்துவிடும். அதற்குத் தகுந்த காந்தம், தகுந்த கோணம் என்று இப்போது வழிகள் வந்துவிட்டன. அதற்கு எந்தக் கருவி, எந்த மாடல் என்று சொல்கிற அடையாள அட்டை வேண்டும். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து மதுரை ஸ்கேன் சென்டருக்குப் போய் நின்றேன். மீனாட்சி அம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் "ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சது" என்று மட்டும் சொல்லவில்லை. "கூட்டம்" என்றேன்.

ஆனால் என் தோல்விகளிலேயே பதவி வாங்கித் தந்தது தலையாட்டல். கேட்காதபோது தலையாட்டுவது ஒரு கலை. எதிராளி முகம் வாடியிருந்தால் 'ச்சு' கொட்ட வேண்டும், மலர்ந்திருந்தால் சிரிக்க வேண்டும், புருவம் உயர்ந்தால் "பாக்கலாம்" என்க வேண்டும். இந்த மூன்றை வைத்துக்கொண்டே இரண்டு பொங்கலைக் கடத்தினேன். ஊர்க்கோயில் திருவிழாக் கூட்டத்தில், தகரக் கொட்டகையில் மழை அடித்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எல்லா முகமும் மலர்ந்திருந்தது. சிரித்துத் தலையாட்டினேன். கைதட்டினார்கள். அதுவும் கூழாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வருஷத் திருவிழாவுக்கு வரி வசூலும் கணக்கும் என் பொறுப்பு என்று.

வீடு வீடாக ஏறி வரி வாங்கினேன். சொன்ன தொகை ஒன்று, என் காதில் விழுந்த தொகை ஒன்று, நான் எழுதிய ரசீது ஒன்று. திருவிழா நன்றாக நடந்தது. இந்த வருஷக் கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். முன்வரிசையில், சுவர் இடப்பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தேன். புது பேட்டரி. தலையாட்டக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். தலைவர் ஏதோ கேட்டார். "கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க" என்றேன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர் முன்னால். கொட்டகை அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து, என் முன்னால் வந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "சார், போன வருஷக் கணக்குல ரசீதுக்கும் பணத்துக்கும் மூவாயிரம் இடிக்குது. அது எங்க போச்சு?"

ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது, ண, ன உட்பட. "பேட்டரி" என்று காதைத் தொட்டுக் காட்டினேன்.